ஸ்டாண்டு அண்ணி

அந்த வீட்டில் அவளுக்கு ஸ்டாண்டு அண்ணி என்று பெயர். வைத்தவன் கொழுந்தன்.

புது ஃபிளாஷை கேமராவின் தலையில் மாட்டி அவன் முதன்முதலில் எடுத்த படத்தில் எல்லார் முகமும் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. பின்சுவரில் கன்னங்கரிய நிழல்கள். வீடியோக்களைப் பார்த்தான். ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும், டிரிக்கர் இருந்தால் வயரே இல்லாமல் எரியும் என்று தெரிந்துகொண்டான். டிரிக்கர் வாங்கினான். ஃபிளாஷுக்கு ஸ்டாண்டு வாங்கவில்லை.

"ஸ்டாண்டு எதுக்கு? அதான் அண்ணி இருக்காங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கணவனும்.

அவளுக்குத் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்று, சட்டைகளை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கறை தேடுவாள். வீட்டுக்கு வந்தும் நின்றாள்.

"இன்னும் மேல தூக்குங்க, அண்ணி. அப்பா கண்ணாடில அடிக்குது பாருங்க."

படம் கெட்டால் அவள் கை ஆடிவிட்டது. நன்றாக வந்தால் அவன் கைராசி. அத்தனை படங்களில் அவள் இருந்தது ஒன்றில்: ஓரத்தில் ஒரு முழங்கை.

ஒருமுறை கை வலித்து ஃபிளாஷின் முகம் மேலே திரும்பிவிட்டது. படம் இருட்டு.

"தூங்குறீங்களா?" என்றான்.

அந்த இருட்டிலும் சுவரில் நிழல் விழாததை அவள் பார்த்துவிட்டாள். வெள்ளைக் கூரை வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்கப் பரப்பியிருந்தது. போதவில்லை, அவ்வளவுதான். பவரை ஏற்றும் பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும். எப்போதும் அவள் கையில் கிடப்பதுதானே.

ஹாலில் மாட்டப் பெரிதாக ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றாள் மாமியார். கேமரா முக்காலியில், டைமரில். எல்லாரும் இருக்க வேண்டும்.

"எல்லாரும்னா நானும்தானே?" கணவனிடம் கேட்டாள்.

"லைட்டை யாராவது பிடிக்கணுமே."

"உங்க தம்பி பிடிக்கட்டும்."

"சின்ன விஷயத்துக்கெல்லாம் மூஞ்சியத் தூக்காத."

அன்று அவள் பட்டுப்புடவையில் வந்தாள். மாமியார் மேலும் கீழும் பார்த்தாள்.

"லைட்டு பிடிக்க நைட்டி போதாதா?"

அவள் ஃபிளாஷின் பவரை முழுசாக ஏற்றினாள்.

கொழுந்தன் கேமராவை அழுத்திவிட்டு ஓடி அம்மா பக்கத்தில் நின்றான். டைமர் கீச்சிடத் தொடங்கியது. அவள் ஃபிளாஷை பீரோ மேல் வைத்தாள். அதன் முகத்தைக் கூரைக்குத் திருப்பினாள். வந்து, கணவனுக்கும் மாமியாருக்கும் நடுவில் தோளை நுழைத்தாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"நகருங்க, அத்தை."

பளிச்.

படத்தில் நிழலே இல்லை. மாமனாரின் கண்ணாடி சுத்தமாக இருந்தது. மாமியாரின் திறந்த வாய், கணவனின் இறுகிய தாடை, கொழுந்தனின் முறைப்பு எல்லாம் துல்லியம். கேமராவைப் பார்த்தவள் அவள் மட்டும். அவளும் சிரிக்கவில்லை.

"அழிடா அதை! வேற எடு. அவ போய் லைட்டைப் பிடிக்கட்டும்."

கொழுந்தன் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். இப்படி ஒரு வெளிச்சம் அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"வேற எடுக்கலாம்மா," என்றான் கடைசியில், எரிச்சலோடு. "ஆனா ஃபிளாஷை யாரும் தொடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும்."

"அப்ப இவ?"

கொழுந்தன் கேமராவை அழுத்திவிட்டு ஓடி வந்து நின்றான். டைமர் மறுபடி கீச்சிட்டது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாயை மூடிக்கோங்க, அத்தை. போன படத்துல கடவாப்பல்லு வரைக்கும் தெரிஞ்சுது."