அப்பா பெயரில் இரண்டு ஆண்டு அனுபவம்

காலை நேரத்து மெட்ரோவில் ஏறினால் பாதிப்பேர் கழுத்தில் ஒரு பட்டி தொங்கும். அதன் நுனியில் அலுவலக அடையாள அட்டை. டெல்லி முனிர்காவின் வாடகை அறையிலிருந்து கிளம்பி கரோல் பாக் போய்ச் சேரும்வரை நான் அந்த அட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். என்னைவிடச் சின்னப் பெண்கள்கூட அதை அலட்சியமாகப் பைக்குள் திணித்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். எனக்கு ஒன்று கிடைத்தால் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு ஏக்கம். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நான் குறிவைத்திருந்தது ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் உதவியாளர் வேலை. விளம்பரத்தில் 'தொடக்கநிலைப் பணி' என்று போட்டு, அடுத்த வரியிலேயே 'இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம்' என்று போட்டிருந்தார்கள். நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்கிற கதை. எம்.ஏ. முடித்த கையோடு நேரில் போய்க் கேட்டேன். அனுபவத்தோடு வாருங்கள் என்றார்கள். யாரும் வேலை தராவிட்டால் அனுபவம் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் இந்தியில் அவ்வளவு வேகமாகக் கோபப்பட அப்போது எனக்கு வராது.

அதனால்தான் கரோல் பாக் மாடியில் இருந்த அந்தச் சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, மெட்ரோ செலவு மட்டும் தருவார்கள். டெல்லியில் வீட்டுவேலையும் கட்டட வேலையும் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரேஷன், ஆதார் விண்ணப்பங்களை நிரப்புவது, நகலெடுத்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. நிறுவனத்தை நடத்திய மேடம் தமிழர்தான், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது.

எல்லாப் படிவத்திலும் ஒரே தொல்லை, குடும்பப் பெயருக்கான கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதோடு சரி. இங்கே அது செல்லாது. அப்பா பெயரை முழுசாக அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "அக்கா, உங்க பேரையும் முழுசா எழுதச் சொல்லிப் பாத்து வாங்குங்க. சுருக்கிட்டாங்கன்னா நீங்க காணாமப் போயிடுவீங்க" என்று வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவேன். என்னை மட்டும் அலுவலகத்தில் எல்லோரும் அப்பா பெயரோடு ஒரு 'ஜி' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். முதலில் திரும்பிப் பார்க்க மாட்டேன். பிறகு பழகிவிட்டது.

அப்பா ஊரில் நெல் அரவை மில்லில் எடை போடுகிறவர். பத்தாவதும் தட்டச்சு லோயரும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்தவர். ஒருமுறை விட்டாலும் சீனியாரிட்டி போய்விடும். வயது வரம்பு தாண்டும்வரை ஒரு அழைப்புக்கடிதமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "ஆபீஸ்ல உனக்குன்னு நாற்காலி குடுத்திருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்பார். சம்பளம் இல்லாததைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு ஆண்டு முடிந்ததும் மேடம் ஆங்கிலத்தில் அனுபவச் சான்றிதழ் தந்தார். தேதிகள் சரியா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். பாராட்டு வாக்கியங்களை நாலைந்து முறை படித்தேன். அந்த ஆண்டும் அதே ஆய்வு நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. நேர்காணலும் நன்றாகவே போனது. கடைசியில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"யே கிஸ்கா ஹை?"

என்னுடையதுதான் என்றேன். இது ஆண் பெயராயிற்றே என்றார். குனிந்து பார்த்தேன். 'திரு' என்று தொடங்கி, என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அப்பா பெயரை முழுசாக அடித்திருந்தார்கள். ஊரில் அப்பா எனக்கு இனிஷியல், இங்கே நான் அவருக்கு இனிஷியல். ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பியவள் என் தாளைப் பார்க்கவில்லை. நாலு மணிக்குள் திருத்திய கடிதம் வராவிட்டால் அனுபவம் கணக்கில் வராது என்றார் அவர்.

மூச்சு வாங்கக் கரோல் பாக் மாடி ஏறி விஷயத்தைச் சொன்னேன். மேடம் கணினியைத் திறந்தார். "அரே, ரெண்டு வருஷமா அப்படித்தானே கூப்பிடறோம், அதான். சரி, ஜல்தி சொல்லு, உன் முழுப்பேர் என்ன?"

இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தவர். வலித்தது. அழுதால் நேரம் போகும் என்று பெயரைச் சொன்னேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேலை கிடைத்தது. அட்டை கையில் வந்த அன்று சாயங்காலம் அப்பாவை அழைத்தேன். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று அந்தக் கூத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தப்பான லெட்டரு இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. கிழிச்சுப் போடணும்."

"கிழிக்காத. என்னா போட்டிருக்கு, தமிழ்ல சொல்லு."

எடுத்துவந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் எங்கள் அலுவலகத்தில் பணிபுரிந்தார். நேரம் தவறாதவர். நேர்மையானவர். இவரைப் பணியில் அமர்த்தப் பரிந்துரைக்கிறோம்.

அந்தப் பக்கம் மில் ஓடும் சத்தம் குறைந்தது, அவர் வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"பேரையும் சேத்துப் படி" என்றார்.

முதலிலிருந்து, அவர் பெயரோடு படித்தேன்.