மேட்டாங்காட்டு மாமன்

என் தம்பி பொறாமையில் ஓடிப்போனான் என்று சொல்கிறவள் எவளாக இருந்தாலும் என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். தண்ணீர்க் குழாயடியில் கந்தம்மாள் நாலு பேருக்கு நடுவில் சொன்னாளாம்: "டீவிக்காரன் மேல எரிச்சல். அதான் ஆளு கம்பி நீட்டிட்டான்." நான் விடுவேனா?

"ஏன்டி, உன்ற எருமை மடிநோவுல கெடந்தப்ப ரேடியோவுல அவன் சொன்ன மருந்தைத்தானே போட்டே? அப்ப மாமன், இப்பப் பொறாமைக்காரனா?" என்று கேட்டேன். குடம் நிறைவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சென்னியப்பன் என் கூடப்பிறந்த தம்பி. கட்டினவள் முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு மல்லசமுத்திரத்தில் என் வீட்டோடு இருந்தான். வாரத்துக்கு ஒரு தடவை திருச்சி பஸ் ஏறிப் போய் ரேடியோவுக்கு அந்த வாரத்துப் பேச்சைப் பேசிப் பதிந்து கொடுத்துவிட்டு வருவான். அங்கே அவனுக்குப் பேர் மேட்டாங்காட்டு மாமன். பொழுது சாய்கிற நேரத்தில் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழாயில், "என்ன மாப்பிள்ளைகளா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று அவன் கேட்டால், கட்டுத்தரையில் நிற்கிற ஆம்பளைகள், "காட்டியாச்சுங் மாமா" என்று குழாயைப் பார்த்துப் பதில் சொல்லுவார்கள். நானே கேட்டிருக்கிறேன்.

குரல்தான் அப்படி. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். ஆளைப் பார்த்தால் தோட்டத்துப் பொம்மைக்குச் சட்டை மாட்டினது போல இருப்பான். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. மீசை இருந்தும் இல்லாத கணக்கு. வீட்டில் பேசும்போது அந்தக் குரலும் வராது. சன்னமாகத்தான் பேசுவான்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு தடவை வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், மாமனைப் பார்க்க. இவன் வாசலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். "தம்பி, மாமன் இருக்கறாருங்களா?" என்று இவனிடமே கேட்டார்கள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "காட்டுக்குப் போயிட்டாருங்க, வரப் பொழுதாகும்" என்று சொல்லி, ஆளுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்து அனுப்பிவிட்டான்.

"ஏன்டா, நான்தான்னு சொல்றதுக்கு வாயில்லையா?" என்று வைதேன்.

"அவங்க மனசுல இருக்கற மாமன் என்னைவிட ஒசரம்க்கா. எதுக்கு ஒடைக்கோணும்?" என்று சிரித்தான். அதற்கப்புறம் யார் வந்தாலும் மாமன் காட்டில்தான் இருப்பார். போட்டோப் பிடிக்கவும் விடமாட்டான். அந்தச் சமயத்தில் எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்திராம்மா செத்ததற்கு அடுத்த வருசம் பஞ்சாயத்தில் டீவிப் பெட்டி வாங்கி வைத்தார்கள். அதில் குமாரசாமி என்று ஒருத்தர், இவன் சொல்கிற மாதிரியே வெள்ளாமைச் சேதி சொல்லுவார். ஆறடி ஆள். முறுக்கின மீசை, தோளில் துண்டு. ஜனங்கள் இத்தனை வருசமாக மாமனுக்கு எந்த மூஞ்சியை நினைத்து வைத்திருந்தார்களோ, அதே மூஞ்சி. இரண்டு பேருக்கும் ஒரே நேரம். டீவி ஓடுகிறபோது சத்தம் இடைஞ்சல் என்று ரேடியோக் குழாயை அணைத்துவிட்டார்கள்.

என் தம்பியும் சும்மா இருக்கவில்லை. "படத்துல காட்டற வெண்டைக்காயைப் பொரியல் பண்ண முடியுமா மாப்பிள்ளைகளா?" என்று ரேடியோவில் ஒரு குத்துக் குத்தினான். அடுத்த வாரமே அந்தக் குமாரசாமி ஒரு வெண்டைக்காயைப் பிளந்து பெட்டிக்குள் காட்டி, "பொரிக்க முடியாதுங் மாமா. ஆனா உள்ள இருக்கற புழு உங்க ரேடியோவுல தெரியுங்களா?" என்றார். ஊரே கைதட்டிச் சிரித்தது. என் தம்பி கடைசி வரிசையில் நின்றிருந்தான். அவனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றுவிட்டான்.

பிறகு அவனைத் தேடி யாரும் வரவில்லை. ரேடியோவுக்குத் தபால் கார்டு போடுகிறவர்களும் நின்றுபோனார்கள். பஸ் ஏறிப் போவான், பேசுவான், வருவான். "இன்னிக்கு யாராவது கேட்டாங்களாக்கா?" என்று கேட்பான். "நம்ம வீட்டு ரேடியோவுல நான் கேட்டேன்டா" என்பேன். அது அவனுக்குப் பத்தாது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு, மாமா என்று கூப்பிட அந்த ஜனங்களை விட்டால் யார் இருந்தார்கள்?

ஆட்டையாம்பட்டி என் மகளைக் கொடுத்த ஊர். அங்கே உழவர் விழா என்று தட்டி கட்டியிருந்தார்கள். என் மருமகன் படித்துக்காட்டினார். டீவி புகழ் மேட்டாங்காட்டு மாமன் வருகிறார் என்று போட்டிருந்ததாம். தம்பி பேரைத் தூக்கி டீவிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு எரிந்தது. இவன், "போய்ப் பாத்துட்டு வரலாங்க்கா" என்றான்.

குமாரசாமி காரில் வந்து இறங்கினார். சின்னாயி என்கிற கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீ ரேடியோவுல சொன்ன பக்குவத்துலதான் என்ற கன்னுக்குட்டி பொழைச்சுது சாமி" என்று அழுதாள்.

அந்த மனுசனைக் குறை சொல்லமாட்டேன். "இல்லீங்காத்தா, ரேடியோவுல பேசறவரு வேற ஆளுங்க" என்றுதான் சொன்னார்.

"வெளையாடாத சாமி. இந்த மீசையை எனக்குத் தெரியாதா?" என்றாள் கிழவி.

என் தம்பிக்குத் தாங்கவில்லை. முன்னால் போய், அந்தக் கனத்த குரலில், "ஏனாத்தா, கன்னு இப்ப நல்லாத் தீவனம் எடுக்குதா?" என்றான்.

கிழவி திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அடிச் சக்கை! இந்த ஆளு மாமனாட்டமே பேசறானே!"

கூட்டம் சிரித்தது. "இன்னொருக்காப் பேசுப்பா" என்றார்கள். "அவன்தான்டா மாமன்! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நான் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். அவனை மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடலைக்குக் கம்பளிப்புழு வந்தால் என்ன செய்வது என்று பேசினான். நன்றாகத்தான் பேசினான். விழாத் தலைவர், கூத்துக்காரனுக்குக் குத்துகிற மாதிரி, அவன் சட்டையில் ஒரு ரூபாய் நோட்டை ஊக்கால் குத்தி, "நல்லாப் பழகியிருக்கறேப்பா" என்று தட்டிக்கொடுத்தார்.

குமாரசாமிக்கு விளங்கிவிட்டது. இவன் பின்னாலேயே மேடையை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்து, "நீங்கதானுங்களா அது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இல்லீங்க. சும்மாப் பழகுனது" என்றான் என் தம்பி.

சொல்லுங்கள், பொறாமைக்காரன் பேசுகிற பேச்சா இது?

அடுத்த வாரம் அவன் திருச்சி பஸ்ஸுக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "இனி யாராட்டம்க்கா பேசறது?" என்றான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்று வடநாட்டுக்குப் போவதாகவும், சமையலுக்கு ஆள் வேண்டும் என்றும் கேள்விப்பட்டுப் போய்ப் பேசி வந்திருக்கிறான். என்னிடம் கிளம்புகிற அன்றைக்குத்தான் சொன்னான்.

"அங்க எவனுக்கும் நம்ம பேச்சுத் தெரியாதேடா. யாருகூடப் பேசுவே?"

"சோறாக்கறதுக்குப் பேச்சு எதுக்குக்கா?"

எனக்குக் கோபம். போகாதே என்று சொல்லியிருப்பேன், அவன் கேட்கமாட்டான். அதனால் அடுப்படியில் உட்கார்ந்து அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று ஏதோ சொன்னான். அந்தச் சன்னக் குரல் புகைக்குள்ளே எனக்குச் சரியாக விழவில்லை. "என்னடா சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் சோளக்காட்டுத் தடத்தைத் தாண்டிவிட்டிருந்தான்.