ரெக்ஸ்டேல் மண்டபத்தில் தோற்றவர்களின் பக்கம்

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருக்கிற அஜக்ஸிலிருந்து நகரத்தின் மறுகோடியிலுள்ள ரெக்ஸ்டேல் போய்வந்தோம். உதுவும் ஒரு பயணமோ என்று கேட்பீர்கள். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீற்றர்தான், ஆனால் 401 நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணிநேரம் ஊர்ந்து பாருங்கள், தெரியும். கட்டணச் சாலையான 407இல் போனால் நேரம் மிச்சம். பில் பிறகு வீடு தேடி வரும்.

போன காரணம் மகள் தாரணி. நாங்கள் ஊரை விட்டு வந்த பிறகு இங்கே பிறந்தவள், பதினேழு வயது. அங்குள்ள மண்டபமொன்றில் இளையோர் பேச்சு. நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ரா போரில் தோற்று மீண்டும் சேர்க்கப்பட்டபோது, நைஜீரியத் தலைவர் என்ன செய்தார் என்பது தலைப்பு. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று அவர் அறிவித்ததை மெச்சி எழுதியிருந்தாள். கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் நைஜீரியர்கள்.

"அங்க எங்கட ஊர்ப் போர்க் கதையை எடுக்காத பிள்ளை," என்று காரில் சொன்னேன். வேலையிடத்தில் யாராவது ஊரைக் கேட்டால், கடற்கரை, தேத்தண்ணி என்று கதையை மாற்றியே பழகியவன் நான். "ஓகே அப்பா" என்றாள். அவளுடைய ஓகேயை நம்பேலாது.

நன்றாகத்தான் பேசினாள். முடிந்ததும் முன்வரிசையிலிருந்து பியாஃப்ராப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழும்பினார். அந்த அறிவிப்புக்குப் பிறகும் தன் தகப்பனின் வீடு திரும்பக் கிடைக்கவில்லை, பிறகென்ன புகழ்ச்சி என்று கேட்டார். மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடலாம்போல் இருந்தது.

அது அநியாயம்தான், அதைச் சொல்லாமல் விட்டது தன் பிழை என்றாள் தாரணி. பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

"நாங்களும் தோத்த பக்கம்தான் அங்கிள். எங்கட நாட்டில போர் முடிஞ்சதை வெற்றி விழாவாக் கொண்டாடினவை. தோத்தவை எண்டு ஆரும் இல்லையெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அதாலதான் அந்த வசனம் எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது."

பெரியவர் தலையாட்டிவிட்டு அமர்ந்தார். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் என் மகள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவேயில்லை.

இப்படியான கூட்டங்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம், காரை நிறுத்தப் பின்பக்கம் இடமுண்டு. முடிந்ததும் 401ஐ நினைத்து ஓடாதீர்கள், தேத்தண்ணி தருவார்கள், நில்லுங்கள்.

நாங்கள் நின்றோம். பெரியவர் தாரணியிடம் வந்து, உங்கள் வீடு என்ன ஆனது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஊரில் பலாலிப் பக்கம் எங்கள் வீடு இன்னமும் இராணுவ வேலிக்குள் இருக்கிறது, கூரை மிஞ்சியதோ தெரியாது என்று அவருக்குச் சொன்னேன். எங்களுக்கு அங்கே ஒரு வீடு இருப்பது தாரணிக்கும் அப்போதுதான் தெரியும்.