இளஞ்சிவப்புக் காகிதமும் எரிகிற சூளையும்

காலை ஆறேகால். அக்காவின் பட்டறையில் முதலில் கண்ணில் பட்டது காலியான அலமாரி. முந்தின மாலை அதில் பச்சை மண் யானைகள் நின்றன. பக்கத்து ஆணியில் நான் மாட்டிய நீலக் காகிதம் இளஞ்சிவப்பாகத் தொங்கியது.

சில நாளாகத் தொடர்ந்து மழை. யானைகள் உலர்ந்தனவா என்பது அக்காவுக்குத் தெரியவில்லை. ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் ஆவியாகி பொம்மையை வெடிக்க வைக்கும். அதே சூளையில் பக்கத்துப் பட்டறைக்காரரின் சரக்கும் வேகும். பொதுச் சூளை என்பதால் முறையை விட்டால் அடுத்த வாரம்தான். அதனால் முந்தின நாள், கல்லூரியில் படித்த வேதியியலை நினைவுபடுத்திக்கொண்டு, கையுறை போட்டு உட்கார்ந்தேன். பொம்மைகளுக்குப் பூசும் நீல மெருகுக்கு வைத்திருந்த கோபால்ட் கார்பனேட் தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது சிறிதாகப் போட்டேன். நுரைத்துக் கரைந்தது. நுரை நின்றபின் வடிகட்டினால் ரோஜா நிறத்தில் கோபால்ட் குளோரைடு கரைசல். அதில் தோய்த்த வடிதாளைச் சூட்டில் காட்டியதும் நீலமானது. ஈரம் பட்டால் மறுபடி சிவக்கும். நீலமாகவே இருந்தால் மட்டும் அடுக்கலாம் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

சூளை அடுக்குகிறவர் பர்னர் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வருமுன்பே யானைகளைச் சூளையில் ஏற்றி, மெல்லிய தீ போட்டுவிட்டார்.

"காகிதம் என்ன கலர்ல இருந்துச்சுண்ணே?" என்றாள் அக்கா.

"பிங்க்குதான். கோபால்ட்டு எப்பவும் அப்டித்தானம்மா இருக்குது? நெருப்புக்குள்ள போனா நீலமாயிடும்."

மெருகுக்கு அது உண்மை. பூசும்போது மங்கலான ஊதாச் சிவப்பு, வெந்தபின் நீலம். வீட்டுக்கு வீடு மெருகு வேலை நடக்கும் இந்த ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அது சாயமில்லண்ணே. ஈரம் பாக்குற காகிதம்."

"அதப்போயி இந்த ஊர்ல கோபால்ட்டுலயா செய்வீங்க?"

அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அணைத்து இறக்கினால் முறை போகும். சூட்டை ஏற்றினால் யானைகள் போகும். ஆவி வெளியேற, சூளையின் மேல் துவாரத்தை அடைக்காமல் அதே மெல்லிய தீயில் வைப்போம் என்றார் அவர். பக்கத்துப் பட்டறைக்காரரும் சம்மதித்தார். துவாரத்தின் மேல் கண்ணாடித் துண்டைக் காட்டினோம். நீர் முத்து முத்தாகப் படிந்தது. அதில் ஒற்றிய நீலக் காகிதம் உடனே சிவந்தது. சூளைச் சுவரில் காய வைத்ததும் மீண்டும் நீலம். இதைச் செய்வதை அடுக்குகிறவர் தன் வேலையாக்கிக்கொண்டார், என்னைத் தொடவிடவில்லை. பக்கத்துப் பட்டறைப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று, "நீலமா பிங்க்கா, இப்ப யாருங்க ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிற்பகலில் கண்ணாடி தெளிவாகவே வந்தது. ஒற்றிய காகிதம் நீலமாகவே இருந்தது. அவர் அதை அக்காவிடம் நீட்டினார். அவள் தலையாட்டியதும் தீயைக் கூட்டினார்.

இரண்டு நாள் கழித்துச் சூளை திறந்தது. பக்கத்துச் சரக்கு முழுதாக இருந்தது. யானைகளில் ஒன்றுக்கு மட்டும் வால் இல்லை.