நொய்யல் கொடுத்த உதை

பணியின்போது ஏற்படும் காயங்களுக்கான விதி தெளிவானது. காயத்துக்குக் காரணம் இயந்திரமா, வாகனமா, விலங்கா, மனிதரா, இயற்கைப் பேரிடரா என்று ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். காயம்பட்டவரால் இனி களத்தில் வேலை செய்ய முடியாது என்றால் தாமதமின்றி அவருக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி தர வேண்டும். பணிக்காலம் முழுவதும் இந்த விதியைப் பிறருக்கு விளக்கிச் சொன்னவன் நான். பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பாதவன். நம்பியிருந்தால் அவற்றுக்கும் ஒரு படிவம் தயாரித்திருப்பேன். இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்றில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று. காவிரியின் உடல்நலத்தை அறியும் ஆய்வில் துணை ஆறுகளையும் சேர்த்தார்கள், அதனால் நொய்யல் எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் என்றால் நான், கள உதவியாளன் ஜெபராஜ், ஜீப் ஓட்டும் பழனிச்சாமி. ஜெபராஜுக்குத் திருநெல்வேலிப் பக்கம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, மனைவி ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். திருப்பூருக்கு மேற்கே மங்கலத்தில் தொடங்கி ஆற்றோடு இறங்கிக்கொண்டே வந்தோம்.

ஓர் ஆறு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதை உதைக்க வேண்டும். கேலி அல்ல, முறையே அதுதான். ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று பூட்ஸ் காலால் அடிமண்ணை உதைத்துக் கலக்குவார். மண்ணில் ஒளிந்திருக்கும் பூச்சி, புழு, நத்தை எல்லாம் கிளம்பி ஓட்டத்தோடு வந்து, சற்றுக் கீழே இன்னொருவர் பிடித்திருக்கும் வலையில் விழும். விசில் ஊதினால் உதைப்பதை நிறுத்த வேண்டும். வலையில் கிடப்பதை வைத்து ஆற்றுக்கு மதிப்பெண். உதைப்பவரின் இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை கரையில் இருப்பவர் கையில். அன்று எல்லா விதியையும் கடைப்பிடித்தோம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே ஓரிடம். பட்டப்பகல், நல்ல வெயில். பட்டறைச் சாயத்தால் ஆறு அன்று மெரூன் நிறம், மேலே நுரை. முந்தைய இடங்களில் சாக்கடையிலும் பிழைக்கிற சிவப்புப் புழுவாவது கிடைத்திருந்தது. இங்கே இரண்டு முறை உதைத்தும் அதுகூட இல்லை. படிவத்தில் 'உயிரினம் இல்லை' என்று எழுதிவிட்டேன். ஆனாலும் முறைப்படி மூன்றாவது உதை பாக்கி.

"செத்த ஆத்த எத்தன தடவ சார் மிதிக்க?" என்றான் ஜெபராஜ்.

"மூணு தடவை. செத்ததை உறுதி செய்யணும்ல."

"எங்க ஊருல ஒரு தடவ பாத்துட்டுப் பொதச்சிருவோம்."

கரையில் கயிற்றைப் பிடித்திருந்த பழனிச்சாமி சிரித்தார். ஜெபராஜ் உதைக்க ஆரம்பித்தான், கொஞ்சம் உதைத்ததும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்கு சார் மிதிக்கீங்க?"

நான் வலையோடு அவனுக்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்தேன். அவன் வாய் மூடவில்லை, கால் பின்பக்கமாக மடங்கியது, விறகு முறிவது போல ஒரு சத்தம், முழங்காலில் விழுந்தான், விழுந்தவனின் விலாவில் ஓர் உதை, முதுகில் ஓர் உதை, உதைப்பது யார் என்று தெரியவில்லை, அவன் சட்டைதான் ஒவ்வோர் இடமாக உள்ளே போய் வெளியே வருகிறது. நம்பினால் நம்புங்கள், அவனைச் சுற்றியிருந்த நுரை கலையவே இல்லை. வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, அந்த மெரூன் தண்ணீரில் அதுவும் தெரியவில்லை. வலையை வீசிவிட்டு அவன் தோளைப் பிடித்தேன். என் கையிலும் ஒன்று விழுந்தது, சுண்டுவிரல் ஒடிந்தது.

"இளுக்க இளுக்க வரமாட்டேங்குதுங்க சார்," என்றார் பழனிச்சாமி. கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. "அடியில ஆரோ புடிச்சிருக்கறாப்ல இருக்குதுங்க."

அடிகள் தாறுமாறாக விழவில்லை. ஒரே சீராக, இடம் மாற்றி இடம் மாற்றி, பயிற்சியில் நாங்கள் கற்றுக்கொடுக்கும் அதே தாளத்தில் விழுந்தன. அது எனக்கு உறைத்ததும், என்ன யோசித்தேன் என்று இன்றும் தெரியாது, கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன்.

நின்றுவிட்டது. கயிறு தொய்ந்து பழனிச்சாமி மல்லாந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்த டாக்டர் முகம் சுளித்தார். முதுகு, விலா, கால் எல்லாம் மெரூன் நிறத்தில் கன்றிய குதிகால் தடங்கள். "இது கும்பலா சேந்து மிதிச்சதுங்க. எத்தனை பேருப்பா?" என்று கேட்டார். ஜெபராஜ் அரை மயக்கத்தில் சொன்னான்: "ஆறு." டாக்டர் 'ஆறு நபர்கள்' என்று எழுதிக்கொண்டார்.

அங்கே பிடித்தது சனி. அந்த ஆறு நபர்களின் பெயர், தந்தை பெயர், முகவரி கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு என்பது எண்ணிக்கை அல்ல, நீர்நிலை என்று விளக்கம் எழுதினேன். அடுத்த கடிதம்: அவ்விடத்தில் உயிரினமே இல்லை என்று தாங்களே அறிக்கை தந்துள்ள நிலையில், தாக்கியது எது? கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இதற்கிடையில் ஜெபராஜுக்கு நொண்டாமல் நடக்க முடியவில்லை. மறுபடி ஆற்றில் இறங்க வேண்டும், இல்லையென்றால் வேலை போகும், நாற்காலி கிடைக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும்.

மேலதிகாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாயப்பட்டறை ஆளுங்க ஆறு பேரு பேரக் குடுத்துருங்க. ஊரே நம்பும்," என்றார். நம்பும்தான். ஜெபராஜிடம் சொன்னேன்.

"அவனுவ விட்ட சாயத்துக்குப் பேரு கேளுங்க, தாரேன்," என்றான். "என்னிய மிதிச்சது அவனுவ இல்லியே சார்."

"அப்ப ஆத்துல இறங்கிடுவியா?"

"வேல போனாலும் எறங்க மாட்டேன். அதுக்கு என்னியத் தெரியும்."

கடைசியில் காயமாவது உண்மையா என்று பார்க்க மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். அதற்குள் வருடம் திரும்பிவிட்டது. எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது, ஆனால் தடங்கள் நேற்று விழுந்தவை போல அப்படியே இருந்தன. நிறம் மட்டும் மாறும். காலையில் போன் செய்து "இன்னைக்குப் பச்ச சார்" என்பான், நான் பாலத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பேன், ஆறு பச்சையாக ஓடும். பட்டறைகளுக்கு லீவு விட்ட நாளில் வெறும் சாம்பல் நிறம். இத்தனை வருடம் கழித்து, போன வாரம்கூட வீட்டுக்கு வந்திருந்தான், பேசிக்கொண்டே பேன்ட் நுனியை இழுத்துக் கணுக்காலை மறைத்துக்கொண்டான், அன்று என்ன நிறம் என்று நானும் கேட்கவில்லை.

குழுவில் மூத்த டாக்டர் ஒரு தடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். "வலிக்குதா?"

"இல்ல சார். குளுருது."

டாக்டர் விரலை எடுத்தார். நுனி நீலமாக இருந்தது. எழுந்து கை கழுவப் போனார், குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடித்த விரல் அப்போதும் நீலம்தான்.

மேலிடத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி. ஆறாத காயம் உள்ளதால் ஜெபராஜுக்கு அலுவலகப் பணி வழங்கப்படுகிறது. காரணத்துக்கான ஐந்து கட்டங்களில் எதிலும் குறி போடவில்லை. அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்த தேதி, ஆடி பதினெட்டு.