பத்துக்கு எட்டு

சென்ற வருடம் பெப்ரவரி பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தர்மபுரத்தில் எங்கள் வீட்டு முற்றம். பருவம் தப்பிய தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. ஈரம் பட்ட நெல்லைப் படங்கில் பரப்பிக்கொண்டிருந்தேன்.

வவுனியாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை கருத்துக்கணிப்புக்கு வந்தது. நாட்டின் ஜனநாயகத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்பதுதான் கேள்வி. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவன் நான். இரண்டுதான், அதற்குப் பதினான்கு காரணம் என்று தொடங்கினேன். மூன்றாவது காரணத்தில் அந்தப் பிள்ளை மறித்தது. வீட்டில் யாரிடம் கேட்பது என்பதைக் கையிலிருக்கும் கருவிதான் குலுக்கி எடுக்குமாம். அது எடுத்தது என் மனைவியை.

மனைவி குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து கதிரையில் இருந்தாள். உதவிக்கு நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் வாக்கு விஷயம் என் பொறுப்பு. தேர்தலுக்கு முதல்நாள், மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று கீறி, எங்கே புள்ளடி போடுவதென்று அவளுக்குக் காட்டிக் கொடுப்பேன். வாக்குச்சாவடி வாசலிலும் இன்னொருமுறை நினைவூட்டுவேன்.

“நீங்கள் போய் நெல்லைக் கிளறுங்கோ. பிள்ளை கேக்கிறது என்னை” என்றாள்.

இருபத்தைந்து நிமிடம் கிளறினேன். ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

பிள்ளை போனதும் எத்தனை கொடுத்தாய் என்று கேட்டேன். எட்டு என்றாள். உரத்துக்கு வழியில்லை, றோட்டு இப்படி, விலைவாசி அப்படி, எதைக் கண்டு எட்டு என்று எரிந்து விழுந்தேன்.

“வாக்குப் போட அந்த மட்டை மறைப்புக்குள்ள போனா, இதைச் செய் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. நான் நினைச்சதைப் போட்டிட்டு வாறன். அதுக்கு எட்டு.”

“அப்ப நான் கீறித் தந்தது?”

“அதை நான் ஒருநாளும் போட்டதில்லை.”

போர் முடிந்து மீளக்குடியேறிய பிறகு மட்டும் பதினொரு தேர்தல். மிச்சம் இரண்டு புள்ளியை ஏன் வெட்டினாய் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்க வரவில்லை.

“அது நீங்கள் வாசல் வரைக்கும் வந்து நிக்கிறதுக்கு.”

எங்கள் வீட்டில் இரண்டு வாக்கு என் கையில் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இருந்தது எப்போதும் ஒன்றுதான். அடுத்த தேர்தலன்று அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு காலையிலேயே ஓட்டோவில் போனாள். அவள் திரும்பிய பிறகு நான் இன்னொரு ஓட்டோவில் போனேன். யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கப் பழகியதற்கு நான் கொடுத்தது, இரண்டு ஓட்டோவுக்குமாக ஆயிரத்து நானூறு ரூபாய்.