ஐஸ் பெட்டியில் வந்த புல்வெளி

பகல் பன்னிரண்டரைக்குச் சென்னை கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். மடியில் ஐஸ் பெட்டி. உள்ளே, இமயமலையில் மூவாயிரம் மீட்டருக்கு மேலே, மரங்கள் வளராத உயரத்தில் இருக்கும் புல்வெளியின் மண், சின்னச் சின்னப் பைகளில். மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டு வருகிறேன். திருவண்ணாமலையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் குளிர் அறையில் மண்ணைச் சேர்க்க வேண்டும். இரண்டரை வயது மகள் யாழினியை ஊரை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டில் கணவரிடம் விட்டுப் போயிருந்தேன்.

திண்டிவனம் தாண்டியதும் பெட்டியிலிருந்து நீர் சொட்டியது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னமா இது, மீனா? கிரிவலம் போற ஜனம்மா. எறக்கி உட்ருவேன்."

"மண்ணுங்க."

"மண்ணுக்கு எதுக்குமா ஐஸ்?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் 'கிரிவலம்' என்ற சொல் உறைத்தது. அன்று பௌர்ணமி. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள், பௌர்ணமி பார்க்காமல் டிக்கெட் போட்டிருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை நிலம். அவரிடம் ஐஸுக்குக் காரணம் சொன்னேன். அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. செத்த புல்லும் வேரும் காலங்காலமாக மண்ணிலேயே கிடக்கும். அவற்றில் உள்ள கரியும், அதாவது கார்பனும், அங்கேயே தங்கும். சூடு ஏறினால் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னத் தொடங்கும், கரி காற்றில் கலந்து பூமியை இன்னும் சூடாக்கும். மழையோடு இறங்கும் நைட்ரஜனும் இப்போது கூடுதல். அதனால் புல் செழித்துப் புதுக் கரியைச் சேர்க்குமா, பழையதும் சேர்ந்து போய்விடுமா என்று உறுதியாகத் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் சில பாத்திகளைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்துச் சூடாக்கி, நைட்ரஜனுக்காகச் சிலவற்றில் யூரியா கரைத்து ஊற்றி, சிலவற்றைச் சும்மா விட்டிருக்கிறோம். வழியிலேயே மண் சூடாகிவிட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

"நாங்க மூட்டையா கொட்றோம். நீ அம்மாந்தூரம் போயி டம்ளர்ல ஊத்திட்டு வர்றியா?" என்று சிரித்தார். "புள்ளைய யாரு பாத்துக்கறாங்க?"

"அவங்க அப்பா."

"ஆம்பளையா! சரி, சாப்பாடு யாரு ஊட்றாங்களோ."

செஞ்சியில் போன் வந்தது. "பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து உடம்பு அனலா இருக்கு," என்றார் கணவர். "இப்ப நூத்திரண்டு. டாக்டர் மருந்து குடுத்துட்டாரு. நீ பதட்டப்படாத." பதட்டப்படாதே என்று சொன்ன பிறகு வேறு என்ன செய்வது? பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். கிளம்பும்போது நான்கு டிகிரி, இப்போது பதினொன்று.

கீழ்பென்னாத்தூரில் இறங்கும்போது அந்த அக்கா, "யோவ் கண்டக்டரே, ரெண்டு நிமிஷம் நில்லுய்யா, இந்தப் பொண்ணு ஐஸ் வாங்கட்டும்," என்று வண்டியை நிறுத்திவைத்தார். ஜூஸ் கடைக்கு ஓடினேன். "காலையிலேயே ஐஸ் எல்லாத்தையும் கிரிவலப் பாதைக்கு, அடி அண்ணாமலைக்கு ஏத்தி உட்டாச்சுக்கா. பௌர்ணமி இல்ல?" என்றார் கடைக்காரர். வெறுங்கையோடு ஏறினேன்.

ஐந்து மணிக்கு, ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே தற்காலிகப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். சாலை முழுக்கச் செருப்பில்லாத கால்கள். ஒரே ஒரு ஆட்டோக்காரர் நின்றார். கல்லூரி ஊருக்கு மறுபக்கம்.

"அங்க போவ ரெண்டு மணி நேரம் ஆவும்கா, ரோடெல்லாம் அடைச்சிருக்கு. வேங்கிக்கால்னா பைபாஸ்ல உட்டுர்றேன், நூறு ரூபா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வேங்கிக்கால் என்றேன். சொன்ன உடனே, பெட்டியை அங்கே சேர்த்துவிட்டுப் போயிருக்கலாமோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே கோபம் வந்தது. மண்ணை வீட்டுக்கே கொண்டுவருவதாகக் கணவருக்குப் போனில் சொன்னேன். பைபாஸிலும் நெரிசல். பெட்டி கால்மேல் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டில் கணவர் மாவு, பால், தயிர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஃபிரிட்ஜைக் காலியாக வைத்திருந்தார். "ஊருக்கே தெரியற பௌர்ணமி உனக்கு மட்டும் தெரியல," என்று யாழினியை என் தோளில் போட்டார். அவள் கண் திறந்து பார்த்துவிட்டு, முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோளில் அவள் உடம்பு சுட்டது. பெட்டியைத் திறந்தோம். இருபத்திரண்டு டிகிரி. பைகளின் உட்புறம் வியர்த்திருந்தது.

விடியும்போது யாழினிக்கும் வியர்த்தது. தொண்ணூற்றொன்பது. ஃபிரிட்ஜில் மண்ணும் நான்கு டிகிரிக்கு வந்திருந்தது. இரண்டும் ஆறிவிட்டன. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் மண்ணிலிருந்து எவ்வளவு போனதென்று தெரியாது, போனது திரும்பாது. ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "அப்ப அதை எடுத்துக்க முடியாதுமா," என்றார். "அடுத்த வருஷம் மறுபடி போய் எடுக்கணும்."

எங்கள் ஊர் மண்ணில் போட்ட எரு ஒரு மழைக்காலத்தில் காணாமல் போகும். மலைமேலே குளிர் மட்டும்தான் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கிறது. அந்தக் குளிரும் குறைந்துகொண்டு வருகிறது. அடுத்த முறை நான் போகும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும்?

காய்ச்சல் விட்ட மறுநாள், காலிப் பெட்டியைக் கழுவித் துடைத்து, பரணில் வைக்கத் தூக்கப் போனேன். நான் மறுபடி கிளம்புகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, யாழினி ஓடிவந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் இறங்கவில்லை.